எண்பது டிகிரி

ஆனி பிறந்ததிலிருந்து பணகுடியில்
கதவு ஒரு நிலையில் நிற்பதில்லை.
என் கொடியில் போட்ட துணி
அடுத்த மாடியில்தான் காய்கிறது.
காற்று வாங்கிக் கரண்டாய் விற்கிற ஊர் இது.
என் மேசையில் ஒரு லேப்டாப்
மூச்சுமுட்டி இரைகிறது,
அளவுக்கு மேல் தேங்காய் போட்ட மிக்ஸி மாதிரி.

தொட்டால் சுடுகிறது.
எஃப் எழுத்துக்கு மேலேதான் ரொம்ப.
மடியில் வைத்து நாளாயிற்று.
மூலைக்கொன்றாய் நாலு சோடா மூடி
அண்டக்கொடுத்திருக்கிறேன்,
அடியில் கொஞ்சம் காற்றுப் போகட்டும் என்று.

என் வேலை இதுதான்:
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை
முப்பத்தெட்டுக் காற்றாலைகளின் எண்களைப்
பார்த்துக்கொண்டிருப்பது.
கியர்பாக்ஸ் எண்பது டிகிரி தாண்டினால்
தளவாய்க்குப் போன் போட்டு
நிறுத்தச் சொல்வது.
அந்த எண்களைக் காட்டும் பெட்டி
தொண்ணூற்றொன்றில் கொதிக்கிறது.
அதை நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

வள்ளியூரில் வெனிஸ்டன் கழற்றிப் பார்த்தான்.
விசிறிக்குள்ளிருந்து செம்மண்ணும்
என் தலைமுடியும் உருண்டையாய் எடுத்து
தாளில் வைத்துக் காட்டினான்.
எனக்கு வெட்கமாயிருந்தது.
புதுப் பசை தடவினான். எழுநூற்றைம்பது.
மூன்று நாள் சும்மா கிடந்தது.
நாலாம் நாள் மறுபடி விசில்.

போனில் சொன்னான்:
"உள்ள ஒண்ணும் இல்லக்கா, மெஷின் சுத்தம்.
பிரவுசர்ல என்னத்தத் தெறந்து
வச்சிருக்கியன்னு பாருங்க.
ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேத்து அமுக்குங்க,
எது திங்குதுன்னு அதுவே சொல்லும்."

அமுக்கினேன்.
நாற்பத்துமூன்று பக்கங்கள்.
நெல்லை எக்ஸ்பிரஸ் காத்திருப்போர் பட்டியல்,
ஏறிய ஆள் போய்த் திரும்பியும் வந்தாயிற்று.
நகைக்கடன் வட்டி.
அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட்,
ஒரே ரிப்போர்ட் மூன்று இடத்தில்.
ஹைகிரவுண்டில் எந்தக் கிழமை எந்த டாக்டர்.
குழம்பில் உப்புக் கூடினால் என்ன செய்யலாம்.
சத்தமில்லாமல் தன்பாட்டுக்கு
ஓடிக்கொண்டிருந்த சேலை விளம்பரம்.
சேலையைத்தான் சந்தேகப்பட்டேன். மூடினேன்.
விசிறி மசியவில்லை.

ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டே வந்தேன்.
எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு.
பட்டியலின் உச்சியில் இருந்ததை
முதலிலேயே பார்த்துவிட்டேன்.
கடைசிக்கு வைத்தேன்.

ஒரு கடல் வரைபடம்.
நீலத்தில் அரிசி அளவு அம்புக்குறி,
கல்மேரா என்ற சரக்குக் கப்பல்.
மூன்று நொடிக்கொருதரம்
எங்கே என்று தானே கேட்டுத்
தானே பதில் வாங்கிக்கொள்ளும் பக்கம்.
ரெக்ஸ்லின் கூட்டப்புளியிலிருந்து
பெட்டியோடு கிளம்பிய ஐப்பசியில் திறந்தது.

மாசியிலேயே அவன் டர்பனில் இறங்கிவிட்டான்.
அதைக் கம்பெனிக்காரன்தான் சொன்னான்.
கப்பல் அதன் பின்
இரண்டு தடவை பூமத்திய ரேகையைத் தாண்டியது.
இப்போது அவனில்லாமல்
சாண்டோஸ் பக்கம் போகிறது, சர்க்கரை ஏற்ற,
பதினோரு நாட் வேகத்தில்.

ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் இருபது தடவை கேட்டுவிட்டது.

மூடினேன்.
நிச்சயமா என்று அது கேட்கவில்லை.

விசிறி உடனே நிற்கவில்லை.
ஒரு படி இறங்கி, யோசித்து,
இன்னொரு படி இறங்கி.
அறுபத்துமூன்று.
அப்போதுதான் காதில் விழுந்தது,
கீழே மாவு மில்லின் தகரம்
காற்றில் அடித்துக்கொள்வது.
எத்தனை நாளாய் அடிக்கிறதோ.

ஒன்றேமுக்காலுக்குப் பதினேழாம் நம்பர்
எண்பத்தொன்று காட்டியது.
தளவாய் தூக்கத்தில் எடுத்தான்.
"இப்பதானக்கா காத்து நல்லா ஏறுது,
இப்பப் போயி நிறுத்தச் சொல்லுதிய?"
"சூடு" என்றேன்.
சரி என்றவன் போனை வைக்கவில்லை.
டார்ச்சைத் தேடும் சத்தம்,
செருப்பைத் தட்டி உதறும் சத்தம்.